அழுக்கு எங்கே போகிறது?

ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கலாம்.

தண்ணீர் வடிகட்ட இரண்டு தொட்டி மணல் இருக்கிறது. ஒன்று, நேற்றுக் கொட்டிய புது மணல். இன்னொன்று, ஒரு வாரமாக ஊர் அழுக்கையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்ட மணல். இரண்டில் எது நன்றாக வடிகட்டும்?

'இதென்ன கேள்வி சார், புதுசுதான்!' என்பீர்கள். இல்லை. பழசுதான் ஜெயிக்கும்.

வீட்டில் நீச்சல் குளம் வைத்திருக்கிறவர்களுக்கு இது தெரியும். 'எங்க வீட்டுல குளிக்க ரெண்டு பக்கெட் கிடைச்சாலே பெரிய விஷயம், நீச்சல் குளத்துக்கு எங்கே போக?' என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள். உங்கள் வீட்டுச் சொம்புத் தண்ணீருக்கும் அந்த மணலுக்கும் சம்பந்தம் இருக்கிறது. வருகிறேன்.

நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில், யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில், அண்டா மாதிரி ஒரு தொட்டி உட்கார்ந்திருக்கும். அதற்குள் நூறு, நூற்றைம்பது கிலோ மணல். மோட்டார், குளத்துத் தண்ணீரை இழுத்து மணலின் தலையில் கொட்டும். தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்கள் வழியாகக் குளத்துக்குத் திரும்பும். தலைமுடி, எண்ணெய்ப் பசை, தூசி, இலைத்தூள் எல்லாம் மணலோடு தங்கிவிடும். இவ்வளவுதான் சங்கதி.

இதில் ஒரு வேடிக்கை. மணல் ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். இரண்டு மணலுக்கு நடுவில் இருக்கும் சந்து, சின்னத் தூசிக்கு ராஜபாட்டை. புது மணலில் அது ஜாலியாக நடந்து போய்விடும். கொஞ்சம் பெரிய தூசிகள் வந்து சந்துகளில் சிக்கச் சிக்க, சந்து குறுகுகிறது. அதற்கப்புறம்தான் சின்னத் தூசியும் மாட்டுகிறது. அதாவது, மணல் தான் பிடித்த அழுக்கை வைத்துக்கொண்டே அடுத்த அழுக்கைப் பிடிக்கிறது. கொஞ்சம் அழுக்கான பிறகுதான் அது வேலையே கற்றுக்கொள்கிறது!

இனி உங்கள் சொம்புக்கு வருவோம்.

கடலூரிலிருந்து விருத்தாசலம் போகிற சாலையில் வடலூர் தாண்டினால், மந்தாரக்குப்பம் வரும். நெய்வேலி சுரங்கத்தை ஒட்டிய ஊர். நெய்வேலி என்றால் நமக்கு நிலக்கரி, கரண்ட், இவ்வளவுதான் ஞாபகம் வரும். ஆனால், அந்தப் பக்கத்து மண்ணின் நிஜமான கதை தண்ணீர்க் கதை. டவுன்ஷிப்புக்கு அந்தப் பக்கம் வடக்குத்து என்று ஓர் ஊர். சென்னைவாசிகளில் பாதிப் பேர் அந்தப் பேரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால், அந்த ஊர் சுத்தம் செய்த தண்ணீரைக் குடித்திருப்பார்கள். வீராணம் ஏரித் தண்ணீர் சேத்தியாத்தோப்பிலிருந்து பம்ப் செய்யப்பட்டு வடக்குத்துக்குத்தான் வருகிறது. அங்கே சுத்திகரித்த பிறகுதான் குழாய் வழியாகச் சென்னைக்குப் பயணம். 2004-ல் தொடங்கிய புதிய வீராணம் திட்டத்தின் அளவு, நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர்.

வீராணம் பத்தாம் நூற்றாண்டில் சோழர்கள் வெட்டிய ஏரி. 'பொன்னியின் செல்வ'னில் வந்தியத்தேவன் குதிரையில் வந்து மலைத்து நிற்பானே, அதே ஏரி. அத்தனை நூற்றாண்டு வண்டல், பாசி, மாடு குளித்த தண்ணீர், வயலிலிருந்து வடிந்த தண்ணீர் எல்லாம் அதில் உண்டு. அந்த ஏரிக்கும் உங்கள் சமையலறைக் குழாய்க்கும் நடுவில் நின்று, 'நீ உள்ளே போகாதே' என்று அழுக்கைத் தடுத்து நிறுத்துகிறவர்களில் ஒருவர், சாட்சாத் மணல்தான். நீச்சல் குளத்துத் தொட்டியில் உட்கார்ந்திருக்கும் அதே மணலின் பெரியப்பா!

சென்னைக்கு இது புது உறவு இல்லை. செங்குன்றம் ஏரித் தண்ணீர் 1872-லேயே ஊருக்குள் வந்துவிட்டது, வடிகட்டாமல் வந்தது. 1914-ல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் கட்டினார்கள். அதற்கு நடுவில் நாற்பது வருஷத்துக்கும் மேலே ஊர் அப்படியே குடித்தது.

வடிகட்டினால் என்ன, வடிகட்டாவிட்டால் என்ன? இதற்கு உலகமே பார்த்த ஒரு பதில் இருக்கிறது.

ஜெர்மனியில் எல்பே நதிக்கரையில் ஹாம்பர்க் என்று பெரிய துறைமுக நகரம். அதை ஒட்டியே அல்டோனா என்று இன்னோர் ஊர். ஒரே தெருவில் இந்தப் பக்கம் ஹாம்பர்க், அந்தப் பக்கம் அல்டோனா. ஹாம்பர்க் ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் குடித்தது. அல்டோனாவுக்குக் கிடைத்ததோ அதைவிட மோசமான தண்ணீர். ஹாம்பர்க்கின் சாக்கடையெல்லாம் கலந்த பிறகு, கீழ்ப்பக்கத்தில் எடுத்த தண்ணீர். ஆனால், அல்டோனா அதை மணலில் விட்டு வடிகட்டிக் குடித்தது. 1892-ல் காலரா வந்தது. ஹாம்பர்க்கில் 8,600 பேருக்கு மேல் செத்துப் போனார்கள். அல்டோனாவில் மரணங்கள் மிகமிகக் குறைவு. ஹாம்பர்க் எல்லைக்குள்ளேயே ஒரு தொழிலாளர் குடியிருப்பு, குழாய் அமைப்பின் வசதிக்காக அல்டோனா தண்ணீரை வாங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் சாவு, அந்தக் குடியிருப்பு தப்பித்தது. காலராக் கிருமியைக் கண்டுபிடித்துச் சொன்ன ராபர்ட் காக் இதை உலகத்துக்கு எடுத்துக் காட்டினார்.

கதை இதோடு முடியவில்லை. அடுத்த குளிர்காலத்தில் அல்டோனாவிலேயே கொஞ்சம் பேருக்குக் காலரா வந்துவிட்டது. ஏன் என்று துருவியபோது, ஒரு மணல் படுகையில் போய் நின்றது. உறைபனியில் அதைச் சுத்தம் செய்யத் திறந்திருக்கிறார்கள். மணல் உறைந்து போய், சரியாக வடிகட்டாமல் விட்டிருக்கிறது.

அந்த மாதிரி வடிகட்டிகளில் மணலின் மேல்பரப்பில், நாளடைவில், வழவழவென்று ஒரு ஏடு படியும். பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்த உயிருள்ள ஏடு. கிருமிகளைப் பிடிப்பதில் பெரும் பங்கு அதற்குத்தான். ஜெர்மன்காரர்கள் அதற்கு வைத்த பெயரின் நேரடி அர்த்தம், 'அழுக்குப் போர்வை'. பெயரைப் பாருங்கள்! ஊரைக் காப்பாற்றுகிற சாமிக்கு அழுக்குப் போர்வை என்று பட்டம்.

நான் சொல்ல வந்த விஷயமே இந்தப் பெயரில்தான் இருக்கிறது.

சுத்தம் என்று நாம் சொல்வது என்ன? அழுக்கு இல்லாமல் போவதா? ஒருநாளும் இல்லை. அழுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். குளம் பளிங்கு மாதிரி இருந்தால் அழுக்கு மணலில் இருக்கிறது. வேட்டி வெளுப்பாக இருந்தால் அழுக்கு, துவைத்த தண்ணீரில் இருக்கிறது. வீடு கண்ணாடி மாதிரி இருந்தால் அழுக்கு தெருமுனைத் தொட்டியில் இருக்கிறது. தெரு சுத்தமாக இருந்தால், யாரோ ஒருவர் கையில் இருக்கிறது.

அந்த 'யாரோ ஒருவர்' விஷயத்தில் நாம் காலம் காலமாக ஒரு மோசடி செய்து வருகிறோம். நம் அழுக்கை அவரிடம் கொடுத்துவிட்டு, அவரைப் பார்த்து 'அழுக்கு' என்கிறோம். அழுக்கு நம்முடையது, பெயர் அவருக்கு. தீண்டாமை என்ற நம் பெரிய அவமானத்துக்குள் இந்தச் சின்னக் கணக்குத் தில்லுமுல்லும் ஒளிந்திருக்கிறது. யார் சுத்தம் செய்தார்களோ அவர்களைத் தள்ளி வைத்தோம். யார் அசுத்தம் செய்தார்களோ அவர்கள் மடியாக உட்கார்ந்து கொண்டார்கள்.

மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்து 1993-ல் ஒரு சட்டம் வந்தது. போதவில்லை என்று 2013-ல் இன்னொரு சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் சாக்கடைக் குழிக்குள் இறங்கி மூச்சு முட்டிச் செத்தார்கள். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இப்படிச் சாகிறவர்கள் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. நல்ல தீர்ப்பு. ஆனால், சட்டம் தடைசெய்த வேலைக்கு இழப்பீட்டுத் தொகையை உயர்த்த வேண்டியிருக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். இரண்டு சட்டம் போட்டும் குழிக்குள் ஆள் இறங்குவது நிற்கவில்லை என்றுதானே அர்த்தம்?

'சரி சார், நான் யாரையும் குழியில் இறக்கவில்லை. எனக்கு இதில் என்ன?' என்று கேட்கலாம். நியாயம்தான். அப்படியானால் உங்கள் வீட்டுக்குள் வருகிறேன்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மணல் தொட்டி இருக்கிறது. பெரும்பாலும் அது அம்மா. சில வீட்டில் மூத்த அக்கா. சில வீட்டில், வாயைத் திறக்காத அப்பா. ஆபீஸில் திட்டு வாங்கி வந்தவர் அந்தக் கோபத்தை அவர்மேல் கொட்டுவார். மார்க் குறைந்த பையன் அவர்மேல் எரிந்து விழுவான். மாமியார் மருமகளைப் பற்றி அவரிடம் சொல்வார். மருமகள் மாமியாரைப் பற்றி அவரிடமே சொல்வாள். அவர் இந்தப் பக்கம் கலங்கலாக வாங்கி, அந்தப் பக்கம் தெளிவாக அனுப்புவார். 'அண்ணன் கோபமா எல்லாம் இல்லடா, வேலை டென்ஷன், அவ்வளவுதான்' என்று ஒரே வரியில் ஒரு சண்டையை வடிகட்டிவிடுவார். குடும்பம் என்ற குளம் தெளிவாக இருக்கும். விருந்தாளிகள் வந்து, 'உங்க வீடு எவ்வளவு அமைதியா இருக்கு!' என்பார்கள்.

அழுக்கு எங்கே போயிற்று என்று யாராவது கேட்டோமா?

ஆபீஸிலும் உண்டு. கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா. ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி நர்ஸ். மேலே இருப்பவர் எடுத்த முடிவுக்கு, கீழே வரிசையில் நிற்பவர் திட்டுவது இவர்களை. நடுவில் நின்று இரண்டு பக்கமும் வாங்கிக்கொள்வதற்கு இவர்களுக்குத் தனியாகச் சம்பளம் கிடையாது.

நீச்சல் குள மணலுக்காவது ஒரு வசதி உண்டு. தொட்டியின் தலையில் ஒரு பிரஷர் மீட்டர் இருக்கும். அழுக்கு ஏற ஏற முள் ஏறும். சுத்தமாக இருந்தபோது காட்டியதைவிட 8, 10 பவுண்டு கூடிவிட்டால், 'போதும், என்னைக் கழுவு' என்று அர்த்தம். உடனே மோட்டாரை நிறுத்தி, வால்வைத் திருப்பி, தண்ணீரைத் தலைகீழாக விடுவார்கள். கீழிருந்து மேலே. மணல் முழுக்கத் தண்ணீரில் மிதந்து, ஒன்றோடு ஒன்று உரசி, ஒட்டியிருந்த அழுக்கையெல்லாம் கக்கிவிடும். அந்தக் கலங்கல் தண்ணீர் குளத்துக்குப் போகாது, வெளியேறிவிடும். பேக்வாஷ் என்பார்கள். சின்னக் கண்ணாடிக் குமிழ் ஒன்று இருக்கும். அதில் ஓடுகிற தண்ணீர் தெளியும்வரை விட வேண்டும். இரண்டு, மூன்று நிமிஷ வேலை.

மனுஷ மணலுக்கும் இந்தப் பேக்வாஷ் வேண்டும். அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர்தான் 'புலம்பல்'.

அம்மா என்றைக்காவது ஒருநாள் வாயைத் திறப்பார். 'நான் ஒருத்தி இந்த வீட்டுல மனுஷின்னு...' என்று ஆரம்பிப்பார். உடனே நாம் என்ன செய்கிறோம்? 'ஆரம்பிச்சிட்டியா?' என்று வால்வை மூடுகிறோம். இல்லாவிட்டால், வருகிற கலங்கலைச் சொம்பில் பிடித்துக் குடித்துப் பார்த்து, 'ச்சீ, எவ்வளவு கசப்பு! உன் மனசு முழுக்க இதுதானா?' என்கிறோம். அது அவர் மனசு இல்லை சாமி. அது பத்து வருஷமாக நாம் கொடுத்த சரக்கு! திரும்பி வருகிறது, அவ்வளவுதான். அந்தத் தண்ணீரை ருசி பார்க்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்கு விநியோகமும் செய்யக் கூடாது. தெளியும்வரை ஓடவிட வேண்டும்.

இங்கே இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தினமும் பேக்வாஷ் செய்தால் மணல் பழகவே பழகாது. எப்போதும் முதல் நாள் மணலாகவே இருக்கும். சின்ன உரசல் வந்ததும் ஊரைக் கூட்டி ஒப்பாரி வைக்கிறவர்கள் அப்படித்தான். எதையும் உள்ளே கொஞ்ச நேரம் வைத்திருக்கப் பழகாதவரால் யாருக்கும் எதையும் வடிகட்டித் தர முடியாது. தாங்குவதும் வேண்டும், கொட்டுவதும் வேண்டும். எப்போது எது என்பதை, ஏறுகிற முள்ளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மீட்டரைப் பற்றிப் பேசும்போது மந்தாரக்குப்பத்துக்கு மறுபடி ஒருமுறை போக வேண்டும். நெய்வேலி சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் ஒரு பெரிய நிலத்தடி நீர்த்தேக்கம் இருக்கிறது. சும்மா தேங்கி நிற்கும் தண்ணீர் இல்லை. மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கும் தண்ணீர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தம். மேலே இருக்கும் மண்ணை அள்ளிவிட்டால் பாரம் குறையும்; அடியிலிருந்து தண்ணீர் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு வந்துவிடும். அதனால் சுற்றிலும் ஆழ்குழாய்கள் போட்டு, ராத்திரி பகல் பார்க்காமல் பம்ப் செய்து அந்த அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். 1961-ல் நிலக்கரியைத் தொட்ட காலத்திலிருந்து இதுதான் கதை. பம்புகள் நின்றால் சுரங்கம் இல்லை.

மேலே நின்று பார்த்தால் ராட்சச இயந்திரங்கள்தான் கண்ணில் படும். அடியில் முட்டுகிற தண்ணீர் யாருக்கும் தெரியாது. ஆனால், தெரியவில்லை என்பதற்காக அதை இல்லை என்று நினைத்துத் தோண்டினால் என்ன ஆகும் என்று அங்கே வேலை பார்க்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். நம் வீடுகளில் மட்டும் அடியில் முட்டுவதைப் பற்றி ஒருவருக்கும் கவலை இல்லை.

அந்த ஏற்பாட்டுக்கும் ஒரு விலை இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. ஒரு காலத்தில் தானாகப் பொங்கி வழிந்த ஊற்றுகளும் கிணறுகளும் வற்றிப் போயின என்ற வேதனை அந்தப் பக்கத்து விவசாயிகளிடம் நெடுநாளாக உண்டு. ஓரிடத்தில் அழுத்தம் குறைந்தால், அதற்கு யாரோ விலை கொடுத்திருப்பார்கள். அழுக்குக்கு உள்ள விதிதான் இதற்கும்.

மணலில் ஏறுகிற முள் ஆபத்தில்லை. உண்மையான ஆபத்து வேறு ஒன்று.

பல வருஷம் சரியாகக் கழுவாமல் விட்ட மணலில் எண்ணெய்ப் பசையும் சுண்ணாம்பும் சேர்ந்து அது கட்டி கட்டியாக இறுகிவிடும். இறுகிய இடத்தில் தண்ணீர் புக முடியாது. தண்ணீர் என்ன செய்யும்? எங்கேயாவது ஒரு விரிசல் கண்டுபிடித்து, அதன் வழியே சுரங்கப்பாதை மாதிரி ஒரு வழி போட்டுக்கொள்ளும். அப்புறம் எல்லாத் தண்ணீரும் அந்த ஓட்டை வழியாகத்தான். மணலைத் தொடாமலே மேலிருந்து கீழே போய்விடும். மீட்டரைப் பார்த்தால் முள் ஏறவே இல்லை! 'அடேயப்பா, நம்ம ஃபில்ட்டர் எவ்வளவு அமைதியா ஓடுது!' என்று தோன்றும். ஆனால், குளத்தைப் பார்த்தால் தண்ணீர் கலங்கியிருக்கும். எதுவும் வடிகட்டப்படவில்லை. எல்லாம் உள்ளே வந்து, அப்படியே வெளியே போய்க்கொண்டிருக்கிறது.

முன்பெல்லாம் கோபப்பட்டவர் இப்போது கோபப்படுவதில்லை. முன்பெல்லாம் அழுதவர் இப்போது அழுவதில்லை. 'ரொம்பப் பக்குவப்பட்டுட்டாங்க' என்கிறோம். பக்குவமா, விரிசலா என்று ஒரு நிமிஷம் பாருங்கள். எதைச் சொன்னாலும் 'சரி' என்கிறவர், எது நடந்தாலும் 'என்னவோ பண்ணுங்க' என்கிறவர் பொறுமைசாலி இல்லை. அவருக்குள் தண்ணீர் மணலைத் தொடாமல் போய்க்கொண்டிருக்கிறது. மனைவி சண்டை போடுகிறவரை கல்யாணம் பிழைத்திருக்கிறது. அவர் சண்டையை நிறுத்திய அன்றைக்குத்தான் கவலைப்பட வேண்டும்.

மணலில் இந்த நிலை வந்துவிட்டால் வழி ஒன்றுதான். மாற்ற வேண்டும். வீட்டு நீச்சல் குளங்களில் ஐந்து முதல் ஏழு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது வழக்கம். நன்றாகக் கழுவிப் பராமரித்தால் அதற்கு மேலும் உழைக்கும். மாற்றும் வேலையில் சில நுணுக்கங்கள் உண்டு. பழைய மணலை மெதுவாகக் கையால் அள்ள வேண்டும். அவசரப்பட்டு மண்வெட்டியைப் போட்டால், அடியில் இருக்கும் மெல்லிய விரல் குழாய்கள் முறிந்து போகும். புது மணலைக் கொட்டுமுன் நடுக்குழாயின் வாயைக் கட்டிவிட்டு, பாதித் தொட்டிக்குத் தண்ணீர் நிரப்ப வேண்டும். மணல் அந்தத் தண்ணீரில் மெத்தென்று இறங்க வேண்டும். வெறுந்தொட்டியில் மூட்டையோடு கவிழ்த்தால் அந்த பாரத்துக்கே குழாய் உடைந்துவிடும். கண்ட மணலும் ஆகாது. கடற்கரை மணல், கட்டட மணல் கூடாது. சலித்துத் தரம் பிரித்த சிலிக்கா மணல்தான் வேண்டும். கடைசியாக, புது மணலைப் போட்ட உடனே ஒரு பேக்வாஷ். ஏனென்றால், புது மணலும் தன் பங்குத் தூசியோடுதான் வருகிறது!

புது மருமகளோ, ஆபீஸுக்குப் புதிதாக வந்த பையனோ, வந்த அன்றைக்கே எல்லாப் பாரத்தையும் மூட்டையோடு தலையில் கவிழ்க்கிறோமே, அப்போது இந்தத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் கொஞ்சம் தண்ணீர் நிரப்புங்கள்.

இப்போது உங்களில் ஒருவர் கோபமாக எழுந்து நிற்பார். 'என்ன சார் பேச்சு இது? மணலைக் கொட்டி மாத்தற மாதிரி மனுஷனை மாத்த முடியுமா? அம்மாவை ஏழு வருஷத்துக்கு ஒருதரம் மாத்தச் சொல்றீங்களா?'

நல்ல கேள்வி. உவமையை இழுத்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் அறுந்துவிடும். அறுகிற இடம் இதுதான். ஆனால், அறுகிற இடத்தில்தான் நமக்கு வேண்டிய பதிலும் இருக்கிறது.

மணல் விஷயத்தில், வேலையிலிருந்து விடுவிப்பதும் தூக்கி எறிவதும் ஒரே காரியம். தொட்டியிலிருந்து அள்ளினால், அது குழி நிரப்பவோ தோட்டத்துப் பாதையில் கொட்டவோ போய்விடும். அதற்கு நாம் ஒன்றும் கடன்பட்டதில்லை. மனிதர் விஷயத்தில் இவை இரண்டு வேறு வேறு காரியங்கள். ஒருவரைச் சுமையிலிருந்து விடுவிக்கலாம், அவரைத் தூக்கி எறியாமலே.

நாம் செய்கிற தப்பு, இந்த இரண்டையும் மாற்றி மாற்றிக் குழப்புவது. வேலை செய்கிற இடத்தில், இருபது வருஷம் உழைத்தவர் ஓய்ந்துவிட்டால், சுமையை இறக்குவதாகச் சொல்லி ஆளையே இறக்கிவிடுகிறோம். வீட்டில் இதற்கு நேர் எதிர். ஆளைத் தூக்கி எறிய மாட்டோம் என்ற பெருமையில், சுமையையும் இறக்க மறுக்கிறோம். 'அம்மா இல்லாட்டி இந்த வீடே நடக்காது' என்று பூரிப்போடு சொல்கிறோம். அது பாராட்டு மாதிரி இருக்கிறது. உற்றுப் பார்த்தால் தீர்ப்பு. ஆயுள் தண்டனை! எழுபது வயதிலும் அண்ணன் தம்பிச் சண்டையை அவர்தான் வடிகட்ட வேண்டும், அவர்தான் இரண்டு மருமகள்களுக்கும் நடுவில் நிற்க வேண்டும் என்று சொல்வது நன்றியா? நன்றி என்றால் அந்தச் சண்டையை நாமே நேராகப் பேசித் தீர்த்துக்கொண்டு, அவரை உட்கார வைத்துக் காபி கொடுப்பதல்லவா?

நீச்சல் குளம் வைத்திருப்பவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம் ஒன்று உண்டு. குளத்தில் இறங்குமுன் குளித்துவிட்டு இறங்குங்கள். ஏனென்றால், நீங்கள் கழுவாமல் கொண்டுவருகிற ஒவ்வொன்றும் மணலின் கணக்கில்தான் ஏறும். ஃபில்ட்டரின் ஆயுளை நீட்டிக்க இதைவிட மலிவான வழி இல்லை. ஆபீஸ் கோபத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போவதும், குப்பையைப் பிரித்துப் போடுவதும், ஊசியையும் உடைந்த கண்ணாடியையும் தனியாகப் பொட்டலம் கட்டி எழுதி வைப்பதும், கவுன்ட்டரில் இருப்பவரிடம் கத்துமுன் 'இது இவர் எடுத்த முடிவா?' என்று கேட்டுக்கொள்வதும் எல்லாம் அந்த ஒரே காரியம்தான். இறங்குமுன் ஒரு குளியல்.

வடிகட்டுகிறவர்கள் இல்லாமல் ஊர் இல்லை, வீடு இல்லை. ஒருவர் அழுக்கை இன்னொருவர் கொஞ்சம் வாங்கிக்கொள்ளாமல் உறவே இல்லை. குழந்தைக்கு நாம் வடிகட்டி. நமக்கு நண்பர் வடிகட்டி. அதில் அவமானமும் இல்லை, தியாகமும் இல்லை. ஆனால், எல்லா அழுக்கும் எப்போதும் ஒரே ஆளிடம் போகிறது என்றால், அங்கே அன்பு என்ற பெயரில் வேறு ஏதோ நடக்கிறது.

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். டி.வி.யை அணையுங்கள். உங்கள் வீட்டு மணல் தொட்டி யார் என்று உங்களுக்கே தெரியும். பாத்திரம் ஒழித்துப் போட்டுவிட்டு வரட்டும் என்று காத்திருக்காமல், நீங்களே ரெண்டு தட்டைக் கழுவிக்கொண்டு பக்கத்தில் நின்று கேளுங்கள்: 'உனக்கு இன்னிக்கு எப்படிப் போச்சு?'

முதலில், 'ஏன், என்ன விஷயம்? பணம் எதாவது வேணுமா?' என்று சந்தேகமாகப் பார்ப்பார். பரவாயில்லை, நில்லுங்கள். அப்புறம் மெதுவாக ஆரம்பிப்பார். கலங்கலாகத்தான் வரும். அதில் பாதி உங்களைப் பற்றியே இருக்கும். குறுக்கே பேசாதீர்கள்.

கண்ணாடிக் குமிழில் தண்ணீர் தெளிகிறவரை, வால்வில் கை வைக்காதீர்கள்.